ஆசிரியர் ஊதியம்: சலுகையா, நீதியா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்களில் பேச்செல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றியே. எந்தப் பள்ளியில் சேர்ப்பது, சீருடைக்கு எங்கே போவது, பேருந்துக்கு என்ன செய்வது என்றெல்லாம் கவலைப்படுகிறோம். அந்த வகுப்பறையில் நம் பிள்ளையின் முன் நிற்கப்போகும் மனிதருக்கு மாத முடிவில் என்ன கிடைக்கிறது, அது அவருடைய குடும்பத்துக்குப் போதுமா என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அது அரசாங்கத்தின் கவலை, ஆசிரியர் சங்கங்களின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது நம்முடைய கவலையும் ஆகும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழு ரூபாய் வாத்தியார்

ஆசிரியர் ஊதியத்தைப் பற்றிய வழக்கு நேற்று முளைத்ததன்று. அதன் பழைய ஏடுகளில் நமது செங்கற்பட்டுச் சீமைக்கும் ஓர் இடம் உண்டு. 1822ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தின் எல்லா மாவட்டங்களிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1823இல் சென்ற கணக்கின்படி இங்கு 508 திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஊர் வாத்தியார்களின் வருமானத்தைப் பற்றியும் ஆட்சியர் எழுதினார். சராசரியாக மாதம் ஏழு ரூபாய்க்கு மேல் இராது என்பது அவருடைய கணிப்பு.

எல்லா மாவட்டக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்த மன்றோ, 1826 மார்ச்சில் தம் கருத்தை எழுதி வைத்தார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆசிரியர்கள் பிள்ளை ஒன்றுக்கு மாதம் நான்கணா முதல் எட்டணா வரை பெற்று, மொத்தத்தில் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை. இந்த வருவாய்க்குத் தகுதியுள்ளவர்கள் இத்தொழிலுக்கு வரமாட்டார்கள் என்பதே அவர் கண்ட முடிவு. ஆகவே, மாவட்டத் தலைநகர்களில் அமையும் பள்ளிகளின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும், தாசில் பள்ளிகளின் ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசே தரவேண்டும் என்று திட்டமிட்டார். பாடநூல் செலவு உட்பட மாகாணம் முழுமைக்கும் ஆண்டுக்கு 48,000 ரூபாய்தான் ஆகும் என்றும் கணக்குக் காட்டினார்.

அதன் பின் நடந்தது யாது? 1827இல் மன்றோ காலரா கண்டு இறந்தார். போதிய பேணுதலின்றி நடந்த அத்தாசில் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன. பேரரசின் படைக்கும் வரிவசூலுக்கும் செலவிடப் பணம் இருந்தது. ஒன்பது ரூபாய் வாத்தியாருக்குத்தான் நிலைக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்தக் கேள்வியே, எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு, இன்றும் நம் முன் நிற்கிறது.

கையேந்திய நிலை மாறியது

1854ஆம் ஆண்டின் கல்விச் சாசனத்துக்குப் பின், தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவிநிதி தரும் முறை பிறந்தது. நம் மறைபோதகர்களும் பிற கிறிஸ்தவ சபையாரும் பள்ளிகளைப் பெருக்க இந்த உதவிநிதி கைகொடுத்தது. ஆயினும் அதில் ஒரு கொடுமையும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆய்வாளர் வந்து பிள்ளைகளைத் தேர்வு செய்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிதி வழங்கும் முறை நம் மாகாணத்தில் நடந்தது. தேர்வு நாளில் பிள்ளை அம்மை கண்டு படுத்தாலும், நாற்று நடவுக்குப் போய்விட்டாலும், வாத்தியாரின் அடுப்பு அணையும்.

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891இல் எழுதிய அறிக்கை வரலாற்றில் இடம் பெற்றது. நிலமும் கல்வியும் இன்றி அவர்கள் அடிமைகளாய் உழன்றதை அது அரசுக்குக் காட்டிற்று. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையும், 1893இல் அவர்களுடைய கல்விக்கென ஓர் ஆணையும் பிறந்தன. அப்பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவிநிதியும், அவர்களிலிருந்தே ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்கு உதவித்தொகையும் அந்த ஆணையில் இடம்பெற்றன. ஏழைப் பிள்ளைக்குக் கல்வி வேண்டுமானால் முதலில் ஆசிரியருக்குச் சோறு வேண்டும் என்ற உண்மையை அரசு ஓரளவு உணர்ந்த காலம் அது. அதே 1891இல்தான் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றிய தமது புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

விடுதலைக்குப் பின் பெரிய மாற்றம் 1955இல் வந்தது. காமராசர் முதலமைச்சராகவும், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த நாட்கள் அவை. ஓய்வூதியம், சேமநல நிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் திட்டம் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் கிடைத்தது. அதுவரை தனியார் பள்ளி ஆசிரியர் முதுமையில் பிள்ளைகளின் தயவையும் பழைய மாணவர்களின் இரக்கத்தையும் நம்பியே வாழ்ந்தார். வசதி மிகுந்த காலத்தில் இத்திட்டம் வந்ததென்று எவரும் எண்ணவேண்டாம். மறு ஆண்டிலேயே மதிய உணவுக்கும் பணம் தேட வேண்டியிருந்த ஏழை அரசு அது. ஆயினும் முதலில் எதற்குச் செலவிடுவது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

பின்னர் ஆசிரியர்கள் போராடியும் சிறை சென்றும் தங்கள் நிலையை உயர்த்திக்கொண்டனர். 1988 ஜூன் முதல் நாளைக் கணக்காகக்கொண்டு நடைமுறைக்கு வந்த ஊதியக் குழுவின் மூலம், நடுவண் அரசின் ஊழியர்களுக்கு இணையான ஊதியம் தமிழகத்தில் ஏற்கப்பட்டது. ஊர்ப்புறத்து ஆசிரியர் கடனின்றி வாழ்ந்து, தம் பிள்ளைகளையும் படிக்க வைக்கும் நிலை அதன் பின்னரே வந்தது.

ஒரே பள்ளி, பல ஊதியம்

அங்ஙனம் வளர்ந்த நிலை, இந்த நூற்றாண்டில் பல இடங்களில் உடையத் தொடங்கியது. 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். ஓய்வூதியச் சிக்கலோ இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியை உறுதிசெய்யும் ஒரு திட்டத்தை மாநில அரசு 2026 ஜனவரியில்தான் அறிவித்தது.

ஓய்வூதியத்தைவிடக் கூர்மையான அநீதி ஒன்று உண்டு. அது இடைநிலை ஆசிரியர்களைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுத் தருகிறவர்கள் இவர்களே. 2009ஆம் ஆண்டு மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய அடிப்படை ஊதியம் 4,500 ரூபாய். புதிய ஊதியக் குழுவின் விதிப்படி அது 1.86ஆல் பெருக்கப்பட்டு 8,370 ரூபாய் ஆயிற்று. தர ஊதியம் 2,800 சேர்த்து 11,170 ரூபாய். மறுநாள், ஜூன் முதல் நாள் தொடங்கிப் பணியில் சேர்ந்தவருக்கோ அடிப்படை 5,200, தர ஊதியம் 2,800, ஆக 8,000 ரூபாய்தான். ஒரே கல்வித் தகுதி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்ததற்கு மாதம் 3,170 ரூபாய் வேறுபாடு!

2016ஆம் ஆண்டுக் கணக்கில் அடுத்த ஊதியக் குழு வந்தபோது இரண்டு தொகைகளும் 2.57ஆல் பெருக்கப்பட்டன. பெருக்கலில் பள்ளம் தூருமா? மேலும் ஆழமாயிற்று. தொடக்க நிலையிலேயே வேறுபாடு எட்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஏறத்தாழ 20,000 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டதாக ஆசிரியர்கள் கூறினர். 2022 டிசம்பர் இறுதியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்வித்துறை வளாகத்தில் பலர் குடும்பத்தோடு உண்ணாநோன்பு இருந்தார்கள். சிலர் மயங்கி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். 2023 புத்தாண்டு நாளில் இதை ஆராயக் குழு அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பின்னும் அவர்கள் தெருவில் அமர நேர்ந்தது.

இவர்களுக்கும் கீழே இன்னொரு படி உண்டு. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். 2021இல் அது 10,000 ஆயிற்று. மே மாதம் பள்ளி இல்லை என்று சொல்லி அம்மாதத்துக்கு ஊதியம் தராத வழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கோடை விடுமுறையில் பசிக்கும் விடுமுறை உண்டோ?

அதற்கும் கீழே ஒரு படி: 2022 ஜூனில் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று தொகுப்பூதியம் குறிக்கப்பட்டது. 7,500 ரூபாயை மாதத்தின் முப்பது நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய். அவ்வாண்டு நூறுநாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் குறிக்கப்பட்ட நாட்கூலி 281 ரூபாய். வேலை நாட்களை மட்டும் வைத்து வகுத்தால் ஆசிரியரின் கூலி சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆயினும் ஏரிக்கரையில் மண் சுமப்பவரின் கூலியும், பன்னிரண்டு ஆண்டு பள்ளியும் அதன்பின் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவரின் கூலியும் இப்படி அருகருகே நின்றன என்பதை மறுக்க இயலாது. மண் சுமப்பவருக்குக் குறைவாகத் தரவேண்டும் என்பதன்று நம் வாதம். அவருடைய பிள்ளையும் மண் சுமக்காதிருக்க வேண்டுமானால், அப்பிள்ளையின் ஆசிரியர் நிலைபெற்றவராக இருக்கவேண்டும்.

"எங்களுக்கு யார் தருகிறார்கள்?"

இந்தக் கருத்துகளை மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றில், மாலைப் பூசைக்குப் பின் கூடியிருந்தவர்களிடம் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "சாமி, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா அந்த வாத்தியாருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. கடல்ல காத்து மாறினா எங்களுக்கு யாரு குடுக்கிறாங்க? எனக்கு யாரு பென்சன் குடுப்பாங்க?" என்று கேட்டார். அருகிலிருந்த பெண்களும் தலையசைத்தார்கள்.

அக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது. ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவிலிருந்து 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் அந்நாட்களில் அரசின் சிறு நிவாரணத்தைக் கொண்டே காலம் தள்ளுகிறார்கள். அவர்களுடைய கண்ணுக்கு, முழு ஊதியம் பெறும் மூத்த ஆசிரியர் செல்வந்தராகவே தெரிவார். சில இடங்களில் முழு ஊதியம் பெறுகிறவர் நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் கைப்பேசியோடு அமர்ந்திருக்கிறார் என்ற முறையீடும் என் காதில் விழாமலில்லை. ஏழை மக்கள் ஆசிரியர் போராட்டத்தை ஆதரிக்கத் தயங்குவதற்குக் காரணம் பொறாமை மட்டுமன்று. கசந்த அனுபவமும் உண்டு.

ஆனால் நான் அந்தப் பெரியவரிடம் ஒன்று கேட்டேன்: "உங்க பேரன் எங்கே படிக்கிறான்?" ஊர்ப் பள்ளியில் என்றார். வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்றார். விடை அவருடைய பதிலிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் ஆசிரியரின் நிலை தாழ்ந்தால், வசதியுள்ளவரின் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும். போக வழியில்லாதது மீனவரின் பேரனும் விவசாயக் கூலியின் மகளுமே. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வந்தவர், செங்கற்பட்டிலோ தாம்பரத்திலோ வேறு வேலை கிடைத்ததும் பாதியாண்டில் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நடுவில் நின்றுபோன பாடம் அந்தப் பேரனுடைய இழப்பு. ஆகவே ஆசிரியரின் ஊதியத்தை ஏழையின் எதிரியாக எண்ணுவது, ஏழையே தன் படகில் ஓட்டை போடுவதற்கு ஒப்பாகும். மீனவருக்கும் முதுமையில் ஆதரவு வேண்டும். அதற்காக அவரும் ஆசிரியரும் சேர்ந்து குரல் கொடுக்கவேண்டுமே தவிர, ஒருவர் தட்டைப் பார்த்து மற்றவர் பெருமூச்சு விடுவதில் பயனில்லை.

அரசின் வரவும் செலவும்

"பணம் எங்கே?" என்று அரசு கேட்கும், கேட்பதில் நியாயமும் உண்டு. 2025 மார்ச்சில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட 2025-26ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி, வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய். ஆண்டு முடிவில் மாநிலத்தின் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. இந்நிலையிலும் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கப்பட்டது. இது சிறிய தொகையன்று. கல்வியைத் தமிழ்நாடு புறக்கணித்தது என்று எவரேனும் சொன்னால் அது அவதூறாகும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15ஆம் நாள் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியிலேயே நடந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளும் அரசின் பிள்ளைகளே என்று ஏற்றுக்கொண்ட அச்செயலுக்கு நாம் நன்றியுடையோம்.

நடுவண் அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கை சார்ந்த ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் நிறுத்தி வைக்கப்பட்டது. மாநிலம் 2025இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கொள்கை வேறுபாடு பேசித் தீர்க்கத்தக்கது. அதற்காக வகுப்பறைக்குரிய பணத்தைப் பிணையாகப் பிடித்து வைத்தது எவ்வகையிலும் பொருத்தமாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, முன்னுரிமை என்ற கேள்விக்கு வருவோம். நம் கண்முன் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் உலகச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. தமிழக அரசு அதற்கென 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. விழா சிறப்புற நடந்தது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சதுரங்கம் பயின்றார்கள், நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் அதற்கு முந்திய மாதம் அறிவிக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர் கணக்கை இதனருகே வைத்துப் பாருங்கள். 13,331 பேரில் 4,989 பேர் இடைநிலை, 5,154 பேர் பட்டதாரி, 3,188 பேர் முதுநிலை. அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு மாதத் தொகுப்பூதியம் ஏறத்தாழ 12 கோடியே 72 லட்சம். பத்து மாதத்துக்கு 127 கோடி. இரண்டு வார விழாவுக்கு 92 கோடி, பதின்மூவாயிரம் ஆசிரியருக்குப் பத்து மாதத்துக்கு 127 கோடி!

விழா ஒருமுறை வரும் செலவு, ஊதியமோ ஆண்டுதோறும் வரும் செலவு என்று நிதித்துறையினர் விடை சொல்வர். உண்மை, அதனால்தான் அரசுகள் முதலாவதை விரும்புகின்றன. விழாவுக்குத் தொடக்கமும் நிறைவும் உண்டு, படம் எடுக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். ஓர் ஆசிரியருக்கு உரிய ஊதியம் தந்ததற்குக் கல்வெட்டு எங்கே வைப்பது?

மகளிர் உரிமைத்தொகைக்கு அதே 2025-26இல் 13,807 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதை நிறுத்தச் சொல்பவன் நானல்லன். அந்த ஆயிரம் ரூபாயில் மருந்து வாங்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு: புதிய வாக்குறுதிகளுக்கு இடம் தேடும்போது, பழைய கடன்களை முதலில் தீர்க்கவேண்டும். 2009ஆம் ஆண்டின் ஊதியப் பள்ளத்தை நிரப்ப எவ்வளவு ஆகும்? தொடக்க நிலை வேறுபாடான ஏறத்தாழ 8,150 ரூபாயை 20,000 பேருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்கினால் 196 கோடி. அகவிலைப்படியையும் சேர்த்தால் முந்நூறு கோடியை ஒட்டி வரும். பள்ளிக் கல்விக்கென ஒதுக்கிய ஒவ்வோர் ஆயிரம் ரூபாயிலும் ஏழு ரூபாய்க்கு உட்பட்ட தொகை இது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் செங்கற்பட்டு வாத்தியார் பெற்ற மாத வருமானமும் அதே ஏழு ரூபாய்!

நம் வீட்டுக் கணக்கு

அரசைப் பார்த்துச் சுட்டும் விரல் நம்மையும் பார்க்கவேண்டும். உதவிபெறும் பள்ளிகளில் அரசு ஏற்ற பணியிடங்களுக்கு அரசே ஊதியம் தருகிறது. ஆனால் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு ஒன்று இயங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அங்கே கற்பிக்கும் ஆசிரியைக்கு எவ்வளவு தருகிறோம்? ஒரே மணி அடிக்கிறது. இருவரும் வகுப்புக்குப் போகிறார்கள். மாத முடிவில் ஒருவர் வாங்குவது மற்றவர் வாங்குவதில் கால் பங்கும் இல்லாத நிலை பல இடங்களில் உண்டு. அரசு 2009இல் வெட்டிய பள்ளத்தைக் கண்டிக்கும் நாம், நம் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் பள்ளத்துக்கு என்ன விடை சொல்லப்போகிறோம்? கட்டணத்தை உயர்த்தினால் ஏழைப் பெற்றோர் தாங்கமாட்டார் என்பது தாளாளர்களின் நியாயமான வாதம். ஆயினும் புதிய கட்டடம், அலங்கார நுழைவாயில், ஆண்டு விழா மேடை ஆகியவற்றுக்கு நன்கொடை தேட முடிகிற நாம், ஆசிரியர் ஊதியத்துக்கென ஒரு நிதி தொடங்கி நன்கொடை தேடியதுண்டா?

நியமன ஒப்புதல் வராமல் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றிப் பணிபுரியும் ஆசிரியர்களும் உதவிபெறும் பள்ளிகளில் உள்ளனர். கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடிச் செல்வது அந்த ஆசிரியரின் வேலையன்று, நிர்வாகத்தின் வேலை.

திருச்சபையின் போதனை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒரு சமூக அமைப்பு நீதியானதா என்பதை அறிய, அங்கே உழைப்பவனுக்குத் தரப்படும் ஊதியத்தைப் பார்த்தாலே போதும் என்ற கருத்தைத் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாக்கினார். நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் அனைவரும் அறிவோம். காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தார் அவர். அது எப்படி நியாயமாகும் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நம் நாட்டிலோ நிலைமை தலைகீழ்: காலையில் வந்தவனும் மறுநாள் காலையில் வந்தவனும் ஒரே வேலையைச் செய்கிறார்கள், கூலி மட்டும் வெவ்வேறு. அந்தத் தோட்டக்காரரின் தாராளம் நமக்கு வராவிட்டாலும், குறைந்தது சம வேலைக்குச் சம கூலி என்ற அடிப்படை நீதியாவது வேண்டாமா?

செய்யத்தக்கவை

முதலாவது, பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் அதை ஏற்படுத்தியது. அரசுப் பள்ளிகளில் அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோரே, பாதிப் பேர் பெண்கள். எத்தனை பணியிடங்கள் காலி, எத்தனை பேர் தற்காலிகம் என்று அங்கே கேளுங்கள். காலியிடத்தை நிலையான நியமனத்தால் நிரப்பக் கோரித் தீர்மானம் எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஆசிரியப் பெருமக்களே, உங்கள் உரிமைப் போராட்டத்துக்கு மக்களின் ஆதரவு வேண்டுமானால், அதைத் தேடவேண்டிய இடம் உங்கள் வகுப்பறையே. எந்த ஊரில் ஆசிரியர் நேரத்துக்கு வந்து, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை மாலையில் நிறுத்திச் சொல்லிக் கொடுக்கிறாரோ, அந்த ஊர் அவர் பக்கம் நிற்கும். உங்களில் மூத்தவர்கள் இளையவர்களுக்காகப் பேசவேண்டும். எட்டாயிரம் குறைவாக வாங்கும் தம்பியோ தங்கையோ அடுத்த அறையில் இருக்கிறார்.

மூன்றாவது, நிர்வாகத்தில் இருக்கும் என் சகோதரக் குருக்களுக்கும் கன்னியர்க்கும்: இந்தக் கல்வியாண்டு முடியுமுன், சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களின் ஊதியப் பட்டியலைப் பங்குப் பேரவையின் முன் வைப்போம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய இயலாது. ஆண்டுக்கு எவ்வளவு உயர்த்துவோம் என்றாவது எழுதிக் கையெழுத்திடுவோம். மே மாத ஊதியம் ஒருவருக்கும் நிறுத்தப்படாமலும், வருங்கால வைப்புநிதி ஒழுங்காகச் செலுத்தப்பட்டும் வருகின்றனவா என்று பார்ப்போம்.

கூலியை நிறுத்தி வைத்தால் அந்தக் கூலியே ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். அவர் காலத்தில் அது வயலில் அறுத்தவரின் கூலி. நம் காலத்தில் அது கரும்பலகையின் முன் நிற்பவரின் கூலியுமாகும். இந்த மாத முடிவில் நம் பள்ளியின் ஊதியப் பட்டியலில் கையெழுத்திடுமுன் நாம் அதை நினைத்துக்கொண்டால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தின்போது அரசைக் கேள்வி கேட்க நமக்கு வாய் இருக்கும்.